ஏரிக்காரியின் முகம்

6.10.1985, ஞாயிறு. பீல், சுவிஸ்

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு குதிரைக் கதைக்குப் போய்விட்டது. எல்லாம் குகதாசனால் வந்தது. அறையில் கூட இருக்கிறவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மேல்மாடி ராஜேஸ்வரி அக்காவிடம் போய், "எங்கட மகேந்திரன் எழுதினால் அச்சடிச்ச மாதிரி இருக்கும் அக்கா" என்று சொல்லியிருக்கிறான்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. ஊரில் வாத்தியார். மகள் சாருமதிக்கு எட்டு வயது, யாழ்ப்பாணத்தில் அக்காவின் தங்கச்சி குணேஸ்வரியோடு இருக்கிறாள். அக்கா விட்டுவிட்டு வரும்போது ஐந்தரை. தகப்பன் இல்லை, அதற்கு முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார். ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று நினைத்து வந்தவர். இரண்டரை வருடம் ஆகிவிட்டது. பிள்ளையை இங்கே எடுப்பிக்கப் பேர்னில் உள்ள அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் சிறுவர் வாட்டில் கழித்த புத்தகப் பெட்டியில் இருந்து ஒரு பிரெஞ்சுப் புத்தகம் எடுத்திருக்கிறார். அட்டை இல்லை, ஏழாம் பக்கத்தில் தொடங்குகிறது. எழுதியவர் பெயரும் தெரியாது, கதையின் பெயரும் தெரியாது. ரோமர் வருவதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் இருந்த கெல்ட் சனங்களின் பழங்கதைகளை வைத்துக் கட்டிய சிறுவர் நாவலாம். அதை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழாக்கி மகளுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். முதல் அத்தியாயத்தை அனுப்பியபோது மகள் எழுதிய மறுமொழி: "உங்கட எழுத்து கோழி கிளறினது மாதிரி."

அதனால் நான்.

இங்கே ஒரு தொழிற்சாலையில் நாளுக்கு நாலாயிரம் திருகாணியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து நல்லது கெட்டது பிரிக்கிறேன். படவரைஞராகப் படித்தவனுக்கு அது ஒரு வேலை. இப்போது குதிரைக் கதைக்கு எழுத்துக்காரன். சரி, ஒரு அத்தியாயம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

13.10.1985, ஞாயிறு

மூன்றாம் அத்தியாயமும் எழுதினேன்.

கதை இது: எர்லா என்றொரு பெண்பிள்ளை, பன்னிரண்டு வயது. அவளுடைய தம்பி மியல். நவம்பர் முதலாம் திகதி இரவில் இந்த உலகத்துக்கும் மற்ற உலகத்துக்கும் நடுவில் உள்ள கதவு திறக்குமாம். அன்று ஏரிக்குள் இருந்து குதிரைகள் வருகின்றன. தம்பி ஒன்றில் ஏறுகிறான். குதிரை அவனோடு தண்ணீருக்குள் போய்விடுகிறது. அக்காள்காரி தேடிப் போகிறாள்.

ஏரிக்கு அடியில் உள்ள ஊருக்கு மூன்று விதி. ஒன்று, அங்கே எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. இரண்டு, அங்கே ஒரு இரவு போனால் இங்கே ஒரு மாதம். மூன்று, அங்கே வாழ்ந்தவரைப் பலாத்காரமாக வெளியே இழுத்தால் நுரையாகிப் போவார்.

மூன்றே விதி. இதை நான் மதிக்கிறேன். ஊரில் படித்த மாயக் கதைகளில் நினைத்த நேரம் நினைத்த வரம் கிடைக்கும், அதற்குப் பிறகு கதையில் என்ன இருக்கிறது? இவர் முதலே விதியைச் சொல்லிவிட்டு அதற்குள்ளேயே கட்டுகிறார். இவரோ இவவோ, ஆர் கண்டது.

குறை ஒன்று. படம் இல்லை. ஏரி எங்கே, மலை எங்கே, கொல்லன் பட்டறை எங்கே என்று பிள்ளைக்கு எப்படி விளங்கும்? நான் ஒரு வரைபடமும் ஒரு குதிரைப் படமும் போட்டேன்.

"ஸ்கேல் எதுக்குத் தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"ஸ்கேல் இல்லாட்டி அது மப் இல்லை அக்கா, கோலம்."

20.10.1985

நாலாம் அத்தியாயம். கொல்லன் வருகிறான், பெயர் கொவ்னு. எர்லா போய் வாள் கேட்கிறாள். அவன் வாள் கொடுக்கவில்லை. ஒரு ஆணி கொடுக்கிறான். "உன்ர கை நடுங்காமல் தூக்கக்கூடியது இதுதான்." பிறகு அந்த ஒரு ஆணியை ஏரிக் கதவின் கீலில் செருகித்தான், கதவு மூடாமல் அவள் திரும்பி வர வழி வைக்கிறாள்.

இதை எழுதியவர் பட்டறையில் நின்று வேலை பார்த்த ஆளாக இருக்க வேண்டும். கை நடுங்காமல் தூக்கக்கூடியது என்ற அளவு புத்தகம் படித்து வராது.

இனி "ஒரு அத்தியாயம்தான்" என்று நான் சொல்லப் போவதில்லை.

1.11.1985, வெள்ளி

கதையில் கதவு திறக்கிற இரவு இன்றுதான். வெளியே பத்தடிக்கு அப்பால் தெரியாத பனிப்புகார். ஏரிப்பக்கம் போகவில்லை. பயம் இல்லை, குளிர்.

10.11.1985, ஞாயிறு

இங்கே உள்ள மியூசியத்துக்குப் போனேன். ஏரிகளுக்குள் இருந்து எடுத்த கெல்ட் சாமான்கள் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. இரும்பு வாள்கள், உறைகள், குதிரைக்கு வாயில் போடுகிற கடிவாள இரும்பு. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல். ஒரு உறையின் வாய்ப்பக்கத்தில் கோடு கோடாகச் செதுக்கியிருக்கிறார்கள், பூ என்றும் சொல்லலாம், மிருகம் என்றும் சொல்லலாம். லென்ஸ் இல்லாமல், மில்லிமீட்டரில் கால்வாசி அகலத்துக்கு, ஒரு பிசகும் இல்லாமல். எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளரைக் கொண்டுவந்து இதற்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

காவலுக்கு இருந்த கிழவரிடம் என் உடைந்த பிரெஞ்சில், இவ்வளவு நல்ல வாளை ஏன் தண்ணீருக்குள் போட்டார்கள் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். "காணிக்கையாக இருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது."

ஒருவருக்கும் தெரியாது என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லுகிற ஆளை இன்றுதான் பார்த்தேன்.

கடிவாளத்தை அளவோடு தாளில் கீறிக்கொண்டு வந்தேன். அடுத்த படத்தில் குதிரைக்கு அதுதான்.

24.11.1985, ஞாயிறு

சாருவின் கடிதம் வந்தது. கேட்கவென்று என்னையும் குகதாசனையும் அக்கா கூப்பிட்டார். எங்கள் சனத்துக்குக் கடிதம் என்றால் ஊருக்கே வாசிப்பது. அங்கேயும் அப்படித்தானாம். கதை வருகிற நாளில் அயல் வீட்டுப் பெண்டுகள் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட, சாரு நடுவில் இருந்து வாசிப்பாளாம்.

கடிதத்தில் பாதி எனக்கு. "படம் கீறுற மாமாவுக்கு. குதிரைக்குப் பின்னங்கால் நீளம் காணாது. மப்பிலை ஏரியிலை இருந்து கொல்லன் வீட்டுக்கு ஒண்டரை இஞ்சு, நீங்கள் போட்ட கணக்குக்கு அது மூண்டு மைல். ஆனால் கதையிலை எர்லா ஒரு பகல் முழுக்க நடக்கிறாள். மூண்டு மைலுக்கு ஒரு பகலோ? எங்கட ஆடு கூடக் கெதியாய்ப் போகும்."

குகதாசன் உருண்டு உருண்டு சிரித்தான். "மச்சான், உனக்கு அங்கை ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறா."

அளந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. பின்னங்காலும் சரி.

கடைசிப் பந்தி: "எர்லாவுக்கு அவையள் தேன்பாணும் பாலும் குடுக்கேக்கை ஏன் வேண்டாமெண்டவள்? ஆரும் அன்பாத் தந்தால் தட்டக் கூடாதெண்டு அம்மா சொல்லுறவ."

அக்கா அந்த இடத்தில் நின்றுவிட்டார். அவர் அப்படி எதுவும் எழுதியது இல்லை. அங்கே இருந்து சொல்லுகிற அம்மா, தங்கச்சி. முன்பெல்லாம் சித்தி என்றுதான் எழுதுவாளாம்.

தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. "பிள்ளைதானே, மறந்து எழுதியிருப்பாள்" என்றான் குகதாசன். அக்கா, "என்னை மறக்கிறதுதானே தம்பி பிரச்சினை" என்றார்.

7.12.1985, சனி

எட்டாம் அத்தியாயம். எழுதி முடித்தேன். படமும்.

எர்லா நனைந்த உடுப்போடு ஏரிக்கடி மாளிகைக்குள் போகிறாள். தம்பி ஒருத்தியின் மடியில் இருக்கிறான். அவள் அந்த ஏரியின் அரசி. வெள்ளிச் சீப்பால் அவன் தலையை வாரி, மயிரில் ஒரு முடிச்சுப் போடுகிறாள், ஒவ்வொரு இரவுக்கும் ஒவ்வொரு முடிச்சு. தம்பி எர்லாவைப் பார்த்து, "இவ ஆர் அம்மா?" என்று அரசியிடம் கேட்கிறான்.

இதைப் பிரதி பண்ணும்போது என் பேனா நின்றது. பதினைந்து வருடமாகக் கோடு போடுகிற கை. ஒரு வரி, அதற்குள் அவ்வளவும். எர்லா அழுதாள் என்று கூட இவர் எழுதவில்லை. அடுத்த வரி, அவளுடைய பாவாடையில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது, அவ்வளவுதான்.

எனக்குக் கற்பனையில் முகம் வராது. பார்த்துத்தான் கீறுவேன், இயந்திரமோ மனிசரோ. அக்கா குசினியில் சமைத்துக்கொண்டு நிற்க, அறையில் ரேடியோவுக்கு மேல் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்து முகம் எடுத்தேன். மூன்று பெண்கள் நிற்கிறார்கள், ஓரத்தில் நிற்கிறவருக்குத்தான் அரசி மாதிரி நேரான மூக்கும் நீண்ட பின்னலும். "என்ன கீறுறீர்?" என்று அக்கா உள்ளே இருந்து கேட்டார். "குதிரை" என்றேன். முடிந்த பிறகு காட்டலாம் என்று.

நான் கீறிய முகங்களில் இதுதான் திறம். கீழே சட்டம் போட்டு எழுதினேன்: ஏரிக்காரி. பிள்ளைபிடிகாரி.

9.12.1985

அக்காவுக்குக் காலை வேலை. படத்தைக் காட்ட நேரம் வரவில்லை, நானே தபாலில் போட்டேன்.

26.12.1985

குகதாசன் ரெஸ்டோரண்ட் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றாமல் கேட்கிறான்: "பேந்து என்ன நடந்தது? பெடியன் அக்காளை அடையாளம் கண்டவனோ?" கேட்கிறவனுக்கு முப்பத்தொரு வயது.

17.1.1986, வெள்ளி

பேர்னில் இருந்து கடிதம். சாருவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது! ஏப்ரல் பதினாறுக்கு முன் வந்து இறங்க வேண்டும், தவறினால் முதலில் இருந்து விண்ணப்பம். அக்கா படியில் இருந்து அழுதார், பிறகு படியிலேயே இருந்து சிரித்தார். நாளைக்குத் தங்கச்சிக்குத் தந்தி.

கொழும்பு வரைக்கும் குணேஸ்வரிதான் கொண்டுவர வேண்டும். வேறு ஆள் இல்லை. அதற்குப் பிறகு சிவானந்தராசா என்று பேர்னில் இருக்கிற ஒருவரின் குடும்பம் ஏப்ரலில் வருகிறது, அவர்களோடு பிளேனில் ஏற்றலாம்.

25.1.1986, சனி

தந்திக்கு மறுமொழி வரவில்லை. கடிதம் வந்தது, தந்திக்கு முன்பே எழுதினது.

மத்தியானம் அக்கா என் அறைக் கதவைத் தட்டினார். ஒரு கையில் கடிதம், மற்றக் கையில் ரேடியோவுக்கு மேல் இருந்த படம்.

"தம்பி, இதிலை இருக்கிற ஆரைப் பார்த்துக் கீறினீர்?"

ஓரத்தில் நின்றவரைக் காட்டினேன்.

"அது குணேசு."

கடிதத்தை என்னிடம் தந்தார். வாசித்ததை மறக்க முடியாமல் இருக்கிறது, எழுதி வைக்கிறேன்:

"அக்கா, படம் வந்த அண்டைக்கு வீட்டிலை ஒன்பது சனம். சாருதான் விரிச்சுக் காட்டினவள். சித்தி மாதிரியே கிடக்கெண்டு அயல்வீட்டு மீனாட்சியின்ர பெட்டை சிரிச்சாள். பேந்து கீழை எழுதியிருந்ததைச் சாரு வாசிச்சாள். ஒருத்தரும் சிரிக்கேல்லை. நானோ பிள்ளை பிடிச்சனான்? நீ விட்டிட்டுப் போன பிள்ளை. செங்கண்மாரி வந்து கிடக்கேக்கை பதினெட்டு நாள் நான் மடியிலை வைச்சிருந்தன். நாளைக்கு விசா வந்தாலும் கூட்டிக்கொண்டு வந்து விட வேறை ஆளைப் பார். நான் பிள்ளைபிடிகாரி. என்னை நம்பாதை."

கோதாரி விழுந்த மூக்கு. மூன்று பேர் நின்ற படத்தில் நான் ஏன் அந்த ஒருத்தியை எடுத்தேன்? கேட்டிருக்கலாம். "இது ஆர்?" என்று இரண்டு சொல். குதிரை என்று பொய் சொன்ன வாய்க்கு அந்த இரண்டு சொல் வரவில்லை.

அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. கட்டிலில் இருந்துகொண்டு, "மூக்கு அப்பிடியே வந்திருக்குமாக்கும்" என்றார். பிறகு: "நீர் தெரியாமல் கீறினீர். நான் அந்த அத்தியாயத்தை மொழிபெயர்க்கேக்கை அவளைத்தான் நினைச்சுக்கொண்டு எழுதினனான். அதை இல்லையெண்டு எப்பிடி அவளுக்கு எழுதுறது?"

26.1.1986

வேலைக்குப் போகாத நாளில் கூட விடிய ஐந்து மணிக்கு முழிப்பு. குணேஸ்வரி கொண்டுவராவிட்டால் பிள்ளை வராது. பிள்ளை வராவிட்டால் ஏப்ரல் பதினாறு. அதற்கு நான் காரணம். கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

"இனிக் கதை அனுப்ப வேண்டாம், நிப்பாட்டுவம்" என்கிறார் அக்கா. நல்ல முடிவு மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் நிறுத்தினால் அந்தப் படத்தோடு நின்றுவிடும். அவர்களுக்குக் கதையின் கடைசிப் பக்கம் அதுதான் என்றாகிவிடும்.

"அரசி பேந்து என்ன செய்யிறா?" என்று கேட்டேன்.

அக்காவுக்குத் தெரியாது. ஒவ்வொரு அத்தியாயமாகத்தான் வாசித்து எழுதுகிறார். முன்னுக்குப் பார்த்தால் எழுத மனம் வராதாம்.

இப்படியும் ஒரு வேலை முறையோ! கடைசித் தாளைப் பார்க்காமல் முதல் பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டுகிற ஆளை எங்கள் தொழிற்சாலையில் ஒரு மணி நேரம் வைத்திருக்க மாட்டார்கள். புத்தகத்தையும் இரண்டு அகராதியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பிரெஞ்சில் இருந்து ஆங்கிலம், ஆங்கிலத்தில் இருந்து தமிழ்.

30.1.1986, வியாழன்

வேலை முடிந்து வந்து பத்துப் பக்கம். வினைச்சொல்லுகளுக்கு இந்த மொழியில் இத்தனை வாலோ. குகதாசன் எனக்குச் சோறு போட்டுத் தருகிறான், ஒரு பகிடியும் விடாமல். அதுவே பயமாக இருக்கிறது.

2.2.1986, ஞாயிறு

முடித்தேன்.

எர்லா தம்பியைப் பாட்டால் கூப்பிடுகிறாள், வரவில்லை. அழுகிறாள், வரவில்லை. கையைப் பிடித்து இழுக்கிறாள், அவன் விரல் நுனிகள் நுரையாகத் தொடங்குகின்றன, விட்டுவிடுகிறாள். ஆணி கீலில் வளைந்துகொண்டு வருகிறது, கதவு மூடப் போகிறது. விதிக்குள் வழி இல்லை. நான் ஏமாற்றப் போகிறார் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு தேவதை வந்து விதியைத் தூக்கி எறியும் என்று.

வரவில்லை. எழும்பி வருகிறவள் ஏரிக்காரி. முடிச்சுகளைப் போட்டவளுக்குத்தான் அவிழ்க்கத் தெரியும். ஒன்பது முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்க்கிறாள், சீப்பால் இல்லை, விரலால், நோகாமல். தானே அவனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிறாள். தண்ணீரை விட்டு நிலத்தில் அவள் கால் வைக்க முடியாது. முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு பிள்ளையை எர்லாவின் கையில் கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு வரமும் கொடுக்கவில்லை, சாபமும் கொடுக்கவில்லை. சொல்லுகிறாள்: "இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வைச்சால்தான் நித்திரை கொள்ளுவான். இடி முழங்கினால் எழும்பியிருந்து பயப்பிடுவான், விளக்கேத்தாதை, பக்கத்திலை இரு, காணும்."

அதோடு போய்விடுகிறாள்.

நான் எழும்பிப் போய் முகம் கழுவினேன்.

இந்த ஆள் யார்? அட்டை இல்லாத புத்தகம், கழித்துப் போட்ட பெட்டி. முன்னூறு பக்கம் அவளை நாங்கள் வெறுக்க விட்டுவிட்டு, ஒரு வசனத்தில், நாங்கள் எல்லாரும் பிழையான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று காட்டுகிறார். ஆனால் அவள் வந்த முதல் பக்கத்தில் இருந்தே அது இருந்திருக்கிறது, திரும்பப் புரட்டினேன். தலை வாரும்போது சீப்புப் பல்லைத் தன் கையில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறாள். நான்தான் அதை எழுத்துப் பிசகாமல் பிரதி பண்ணினேன், வாசிக்கவில்லை. பிள்ளைபிடிகாரி என்று புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. நான் போட்டது.

மேலே போய் அக்காவுக்கு அந்த இடத்தைச் சொன்னேன். என் உடைந்த தமிழாக்கத்தில். அவர் அகராதிகளைத் திருப்பித் தரச் சொன்னார். "அந்த வசனத்தை நான் எழுத வேணும். நீர் எழுதினால் திருகாணி மாதிரி இருக்கும்."

9.2.1986, ஞாயிறு

ஒரு கிழமையாக இரண்டு பேரும் வேலை. மிச்சம் ஐந்து அத்தியாயமும் ஒரே தபாலில் போகிறது.

கடைசிப் படம்: முழங்கால் தண்ணீரில் ஏரிக்காரி. என்ன முகம் போடுவது என்று பெரிய வாக்குவாதம்.

குகதாசன்: "டேய், வேறை முகம் போடு. திரும்பவும் அவவைக் கீறினால் அங்கை இருந்து செருப்புத்தான் பார்சலிலை வரும்."

நான்: "ஒரே ஆளுக்கு எட்டாம் அத்தியாயத்தில் ஒரு முகம், பதின்மூன்றில் ஒரு முகமோ? சாரு விடமாட்டாள்."

அக்காவைப் பார்த்தோம். "அவளையே கீறும்" என்றார். "வடிவாய்க் கீறும்."

கீறினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை.

குணேஸ்வரிக்கு நானும் ஒரு கடிதம் வைத்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. தொழிற்சாலையில் பிழை வந்தால் நிரப்புகிற தாள்தான் எனக்குத் தெரிந்த முறை, அப்படியே எழுதினேன். "பிழை: உங்கள் முகத்தைக் கேட்காமல் எடுத்தது, கீழே கதையில் இல்லாத சொல்லை எழுதியது. பிழை விட்டவர்: மகேந்திரன், ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை. காரணம்: எனக்கு முகம் பார்க்காமல் கீறத் தெரியாது, உங்களை ஆரென்று தெரியாது. திருத்தம்: பதின்மூன்றாம் அத்தியாயம். அதைச் சாருவிடம் வாசிக்கச் சொல்ல வேண்டாம், தயவுசெய்து முதலில் நீங்கள் தனிய வாசிக்கவும்."

அக்கா தன் கடிதத்தை எனக்குக் காட்டவில்லை. ஒட்டித்தான் தந்தார். அரைப் பக்கத்துக்கு மேல் இராது, தொட்டால் தெரிந்தது.

10.2.1986

தபாலில் போட்டாயிற்று. விரைவுத் தபால், பதிவு.

2.3.1986

ஒன்றும் இல்லை.

9.3.1986

ஒன்றும் இல்லை. சிவானந்தராசா ஆட்கள் டிக்கெட் போட வேண்டும் என்று அக்காவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்கா, "போடுங்கோ" என்றுவிட்டார். பிள்ளை வருமோ வராதோ தெரியாமல் பிள்ளைக்கு டிக்கெட்.

15.3.1986, சனி

வந்தது!

அக்கா கீழே தபால்பெட்டியடியிலேயே உடைத்தார். குணேஸ்வரியின் கையெழுத்து, நாலு பக்கம். என்னை மன்னித்ததாக ஒரு சொல்லும் இல்லை. தமக்கையைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை. தொடக்கமே, "சாருவுக்கு" என்று அடிக்கோடு போட்டு:

கத்தரிக்காய் சாப்பிடமாட்டாள், ஆனால் பொரிச்சுக் குழம்பு வைத்தால் கத்தரிக்காய் என்று சொல்லாமல் கொடுக்கலாம். காய்ச்சல் வந்தால் முதலில் காது நோகும். தலை முழுக வார்த்தால் பின் கழுத்தில் ஈரம் நிற்கவிடக் கூடாது. ஷெல் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய் வாய்ப்பாடு சொல்லுவாள், மறிக்க வேண்டாம், பதின்மூன்றாம் வாய்ப்பாட்டோடு நித்திரை ஆகிவிடுவாள். பொய் சொன்னால் மூக்கைத் தொடுவாள். அப்படியே நாலு பக்கம்.

கடைசியில்: "ஏப்ரல் 8 கொழும்புக்கு வெளிக்கிடுறம். நான் லொட்ஜிலை நிண்டு, அவள் போய்ச் சேர்ந்த சேதி கேட்டிட்டுத்தான் திரும்புவன். லொட்ஜ் நம்பர் கீழை."

அக்கா படிப்படியாக ஏறிக்கொண்டே வாசித்தார். மூன்றாம் மாடி வரை நான் பின்னால் போனேன், ஒரு படியிலாவது தடக்கி விழுந்துவிடுவார் என்று. விழவில்லை.

12.4.1986, சனி

குளோட்டன் விமான நிலையம். நானும் போனேன், பெட்டி தூக்க.

சிவானந்தராசாவின் மனிசியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நினைத்ததை விடச் சின்னப் பிள்ளை. அக்கா முழங்காலில் இருந்துவிட்டார். பிள்ளை கட்டிப்பிடிக்க விட்டாள், திரும்பக் கட்டிப்பிடிக்கவில்லை. கை இரண்டும் பக்கத்தில் தொங்கியபடி.

பிறகு அக்காவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்து, "நீங்களோ படம் கீறுற மாமா?"

"ஓம்."

"நீங்கள் மொட்டையெண்டு நினைச்சன்."

ரயிலில் ஜன்னல் பக்கம் இருந்தாள். ஏரி வந்த இடத்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, இதுவோ என்று கேட்டாள். இதுவாக இருக்கலாம், ஒருவருக்கும் தெரியாது என்றேன். திருப்திப்பட்டாள். அக்காவோடு ஒரு சொல் இல்லை. கேட்டால் ஓம், இல்லை. அம்மா என்றும் கூப்பிடவில்லை, வேறு எதுவும் கூப்பிடவில்லை. அக்காவும் அவசரப்படவில்லை. இந்த மனிசியின் பொறுமைக்கு என்ன அளவுகோல் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் ஓல்டன் ஸ்டேசன் தாண்ட முதல் வெடித்திருப்பேன்.

13.4.1986, ஞாயிறு

கொழும்புக்குப் போன் எடுக்கப் போனோம், ஸ்டேசனுக்கு முன்னால் உள்ள டெலிபோன் பூத்தில். மூன்று பேர் உள்ளே நிற்க இடமில்லை, நான் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு வெளியே. மழை தூறல்.

முதலில் சாரு. அந்தப் பக்கம் குரல் வந்ததும், "அம்மா" என்றாள், அதோடு அழத் தொடங்கிவிட்டாள். வேறு பேச்சே வரவில்லை. அக்கா பக்கத்தில் நின்று அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று தெருவைப் பார்த்தேன்.

பிறகு ரிசீவரை வாங்கினார்.

"குணேசு, உன்ர பிள்ளை வந்து சேர்ந்திட்டாள். ராத்திரி வடிவாய் நித்திரை கொண்டவள். ஓம், கட்டிலுக்குக் கீழை போகேல்லை. இல்லையடி, மெய்யாத்தான்... உன்ர பிள்ளைதான். அதிலை என்ன. அழாதை. நீ அழுதால் நான் எப்பிடி..."

போட்ட காசு முடிந்து லைன் அறுந்துவிட்டது. அக்கா ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார்.

சாரு மூக்கைத் துடைத்துவிட்டு அக்காவின் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். கேட்கவில்லை, முகம் பார்க்கவில்லை, தன் வீட்டு அலுமாரியில் கை விடுகிற மாதிரி. உள்ளே கிளறி இன்னும் ஒரு ஐந்து பிராங் காசு எடுத்து நீட்டினாள்.

"திரும்ப எடுங்கோ. அவ பார்த்துக்கொண்டு நிப்பா."

எடுத்தோம்.